நனையாத இடது பக்கம்

நூஹு ராவுத்தரின் வெள்ளைக் குதிரை 1953 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை செத்தது. புதன்கிழமை மழையை மறித்தது. வேலந்தாவளத்தில், லாயத்துக்கு வெளியே கட்டியிருந்த செவலைக் குதிரைக்கு இடது பக்கம், ஆள் உயரத்தில் மழை எதன் மேலோ விழுந்து தெறித்து இரு புறமும் வழிந்தது. அடியில் ஒரு குதிரை அளவு மண் காய்ந்து கிடந்தது. பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டியவர்களுக்கு ரோமம் தட்டுப்பட்டது. அன்று தேங்காய் விலை ஏறியிருந்ததால் ஊர் இதை மாலையில்தான் பேச எடுத்தது.

செத்ததன் பெயர் சிப்பாய். அதுவும் செவலையும் பதினொரு வருடம் ராவுத்தரின் இரட்டைக் குதிரை வண்டியில் புகையிலைச் சிப்பங்களை இழுத்தன. சிப்பாய் எப்போதும் இடது பக்கம். வேலந்தாவளத்துக்கு மாடு தெரியும், குதிரை தெரியாது. தெரியாததை ஒப்புக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. அந்தச் சந்தையில் மாட்டை விற்பவர் கயிற்றை விற்பதில்லை. வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோய்த் தொழுவத்து ஆணியில் மாட்டிவிடுவார். தொழுவத்தின் யோகம் மாட்டோடு போய்விடக் கூடாது. சிப்பாய் வயிற்றுவலியில் புரண்டு செத்த காலையில் மாட்டுத் தரகர் சென்னிமலை நாலு ஆட்களோடு உதவிக்கு வந்தார். இளகிய மனசுக்காரர். ஜோடியின் சாவைப் பார்த்துச் செவலை கலங்கக் கூடாதென்று அதன் முகத்தில் சாக்கைக் கட்டச் சொன்னார். பிறகு முப்பது வருடப் பழக்கத்தில் பிணத்தின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து ராவுத்தரிடம் நீட்டினார். ராவுத்தரும் பழக்கத்தில் அதை வாங்கி ஆணியில் மாட்டினார். எல்லைக்கு இந்தப் பக்கத்து விதிகளில் செத்த மாட்டைப் புதைக்க இடம் சொல்லியிருந்ததே தவிர, குதிரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே சிப்பாயை எல்லைக் காவல் சாவடியான சவுக்கையைத் தாண்டி இழுத்துப்போய்ச் சென்னை ராஜ்ஜியத்துப் புறம்போக்கில் புதைத்தார்கள். எல்லோருக்கும் திருப்தி.

சாக்கை எடுத்தபோது செவலைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சிப்பாயைக் காணோம், கயிறு ஆணியில் இருந்தது. சந்தையூரில் வளர்ந்த மிருகம் அதற்கு வேறு அர்த்தம் கற்றதில்லை. நான்கு வருடம் முன்பு சிப்பாயை ஒருமுறை பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார்கள். மூன்றாம் நாள் அது புதுக்கயிற்றை அறுத்துக்கொண்டு தானாகத் திரும்பியது. அந்த மூன்று நாளும் செவலை இடது பக்கத்தை யாருக்கும் விடவில்லை. இப்போதும் விடவில்லை. இம்முறை நாள் கூடிக்கொண்டே போனதால் அந்த இடம் கெட்டிப்பட்டுவிட்டது.

செவலை தொட்டியில் வலது பாதியை மட்டும் தின்றது. இடது பாதிக் கொள்ளு முளைவிட்டது. விலா எலும்பு தெரிந்தது. ஊர் வைத்தியத்தில் இறங்கியது. துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டினார்கள். ஆடு முளைத்த கொள்ளைத் தின்று கொழுத்தது. நாவிதர் சூசையப்பன் தன் கடைக் கண்ணாடியைக் கொண்டுவந்து சாத்தினார். கண்ணாடிக்குள் இருந்த குதிரையும் சாப்பிடுவதை நிறுத்தியது. எலப்புள்ளியிலிருந்து இரவல் வாங்கி வந்த குதிரை இடது பக்கம் நிற்கப் போய் நெற்றியில் வீக்கத்தோடு திரும்பியது. சென்னிமலை மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். தீனி கேட்காத குதிரை என்று சொல்லி, இல்லாத சிப்பாய்க்காக மீனாட்சிபுரத்துப் பால்காரரோடு துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார். பல்லைப் பார்க்காமல் முடியாது என்றார் பால்காரர். காற்றில் கைவிட்டுப் பார்த்தார். வயது அதிகம் என்று எழுந்துபோனார். சித்தூர் மிருக வைத்தியர் இரண்டையும் சோதித்து, இல்லாதது ஆரோக்கியமாக இருப்பதாகவும், இருப்பது தை மாதத்தைப் பார்க்காது என்றும் எழுதிக் கொடுத்தார்.

ராவுத்தர் அந்தக் காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தாலும் காலையில் செவலையைத்தான் முதலில் விசாரித்திருப்பார் என்று அவர் மனைவி ஷரீஃபா சொல்வாள். சிப்பாயைப் பற்றிக் கேட்டவர்களிடம் அவர் "அது இல்லீங்க" என்பார். செத்தது என்ற சொல்லை மட்டும் எடுக்கமாட்டார்.

கார்த்திகைக் கடைசியில் ஷரீஃபா ஈரத்துணியோடு லாயத்துக்கு வந்தாள். மழைக்காலம் முழுக்க அவள் துணி உலர்த்துவது சிப்பாயின் முதுகில்தான். அந்த முதுகு சூடாக இருந்தது. அன்று ஆணியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, அது செத்துப்போச்சுன்னு செவலைகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

"குதிரைகிட்டப் போயி என்னத்தப் புள்ள சொல்றது?"

"மூஞ்சில சாக்கக் கட்டிப்போட்டு, வித்த மாட்டுக் கயித்தாட்டம் இதைய மாட்டி வெச்சிருக்கறீங்க. அது வழியப் பாத்துட்டு நிக்குது. எனக்கு இப்பிடிப் பண்ணுனீங்கன்னா நானும் பாதிச் சோறுதான் திம்பேன்."

மறுநாள் தூறலில் ராவுத்தர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு செவலையைப் பிடித்து நடந்தார். சவுக்கையில் பவுல்ராஜ் இருந்தார். பீர்மேட்டு மலையிலிருந்து மாற்றலாகி வந்த காவலர். எல்லை கடக்கும் கால்நடைகளை எண்ணி எழுதுவது அவர் வேலை. குதிரை எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றார் ராவுத்தர். பவுல்ராஜ் எழுந்து வந்து, மழை தெறிக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அப்பம் இந்தப் பக்கம் நிக்கது என்னது, ராவுத்தரே? உங்க மச்சானா?"

இரண்டு என்று எழுதினார். போனது இரண்டானால் வருவதும் இரண்டாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

புறம்போக்கில் மண்மேடு பாதி அமுங்கியிருந்தது. செவலை மூக்கைத் தாழ்த்தியது. முன்னங்காலால் இரண்டு தரம் கீறியது. ராவுத்தர் கையளவு குழி தோண்டிக் கயிற்றை உள்ளே வைத்து மூடினார். சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"சிப்பாய் செத்துப்போச்சு, கண்ணு. வயித்து வலி. நான் விக்கல."

செவலையின் காது திரும்பியது. நண்பகல் லுஹர் தொழுகை நேரம் வரை அது அசையவில்லை. ராவுத்தரும் அசையவில்லை, அவருக்கும் அது புதிய செய்தியாக இருந்தது. பிறகு செவலை இடது பக்கம் ஓரடி வைத்தது. அங்கே இடம் இருந்தது. மழை அதன் முதுகு முழுக்க விழுந்தது.

திரும்பும்போது பவுல்ராஜ் செவலையின் இரண்டு பக்கமும் கையை வீசிப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதே."

"செத்துப்போச்சுங்க."

"எப்பம்?"

"போன மாசம்."

பவுல்ராஜ் பதிவேட்டைப் புரட்டினார். காலையில் எல்லை கடந்த குதிரை போன மாதமே இறந்துவிட்டதாக அப்படியே எழுதி, ராவுத்தரிடம் கையெழுத்து வாங்கினார். மேலிடத்திலிருந்து கேள்வி வரவில்லை.

அன்று மாலை செவலை தொட்டியை இரண்டு பக்கமும் காலி செய்தது. ஆடு இளைத்தது. ஷரீஃபா துணி காயவைக்க ஒரு கொடி வாங்கிக் கட்டிக்கொண்டாள். செவலை இன்னும் ஆறு வருடம் ஒற்றை வண்டி இழுத்தது.

புறம்போக்கில் மட்டும் மண்மேட்டின் மேல் ஒரு குதிரை அளவு இடம் மழையில் நனைவதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் தூறல் போட்டால் தீப்பெட்டியை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.