ஒரு எண், ஒரு வாக்கு

அமெரிக்காவில் வாக்கு எண்ணத் தொடங்கிய நேரம் மதுரையில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. முத்துமீனா வாயில் பிரஷ்ஷோடு பென்சில்வேனியாவை நினைத்துக் கவலைப்பட்டாள். அந்த மாநிலத்தில் அவளுக்கு யாருமில்லை. பனி பெய்யும் ஊர்களின் பெயரைக் கேட்டாலே அவள் மனசு அங்கே போய்க் குடியேறிவிடும், அவ்வளவுதான். அவனியாபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள் என்பதால் அந்தக் கவலைக்கு ஒரு கௌரவமும் இருந்தது.

அன்றுதான் அருள்பாண்டி இணையத்தில் 'குடியரசு மேசை' என்று ஓர் ஒலி அரங்கத்தைத் திறந்தான். உசிலம்பட்டிக்காரன். மதுரையில் கணினி வேலை. நாலு பேரைச் சிரிக்கவைக்காமல் அவனால் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது.

"ஜனங்க ஓட்டுப் போடுறாங்க. அந்த ஓட்ட வச்சு இன்னும் கொஞ்சப் பேரு ஓட்டுப் போடுறாங்க. அதுல தகராறுன்னா, அங்கி போட்ட ஒம்பது ஜட்ஜுங்க உக்காந்து முடிவு பண்றாங்க. இதுக்கு எதுக்குய்யா ஜனங்க?" என்று அவன் கேட்டான். திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் பறந்தன.

முத்துமீனா மைக்கைத் திறந்தாள். தேர்தலுக்குப் பயப்படுகிற நீதிபதி நீதிபதியே இல்லை என்றாள். அதனால்தான் அவர்களுக்கு ஆயுள் பதவி என்றாள். யாரோ குறுக்கே புகுந்து, தீர்ப்பு தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள்.

"தப்பாவே இருக்கட்டும். தோத்தவன் அத ஏத்துக்கிட்டு வீட்டுக்குப் போறான் பாருங்க, அந்த நடையிலதான் குடியரசு இருக்கு. ஏத்துக்க மாட்டேங்கிறவன் நாட்டயே எரிக்கிறவன்."

இதயங்கள் வந்து குவிந்தன. அந்த வரியை அவள் படத்தோடு சேர்த்து ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். "மீனா பேசுனா கோர்ட்டே எந்திரிச்சு நிக்கும்" என்று அருள்பாண்டியே எழுதினான். அவளுக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

அமெரிக்கத் தேர்தல் முடிந்தும் மேசை கலையவில்லை. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தார்கள். மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடி அறையைப் பிடித்துப் படிப்பகம் வைத்தார்கள். வாடகை சந்தாவில் போனது. ஒப்பந்தம் அருள்பாண்டி பெயரில். இவ்வளவு பேசுகிறவர்கள் தங்களுக்கென்று ஓர் அரசியல் சாசனம் இல்லாமல் இருக்கலாமா என்று கிளம்பி, அதையும் எழுதினார்கள். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர். தகராறு வந்தால் விசாரிக்க மூன்று நடுவர்கள், ஆயுளுக்கும். அது முத்துமீனா சொன்னது. கள்ளக் கணக்குகளை ஒழிக்க, ஒரு போன் எண்ணுக்கு ஒரே ஓட்டு: 'ஒரு எண், ஒரு வாக்கு'. அதை எழுதியதும் அவள்தான்.

படிப்பகம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை பெண்களுக்கு மட்டும் என்ற வழக்கமும் அவள் சண்டை போட்டு வாங்கியதுதான். அந்த நேரத்துக்காகவே உயிரை வைத்திருந்தவள் முனியாயி. ஆயத்த ஆடை கம்பெனியில் வேலை முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு படியேறி வருவாள். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை வீடு. அம்மா, இரண்டு தங்கச்சிகள், ஆட்டோ ஓட்டும் அண்ணன் காளை, ஒரு தொலைக்காட்சி. புத்தகத்தை விரிக்க அங்கே இடம் கிடையாது. அவளைப் போல இன்னும் பலர் அந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள்.

தலைவர் தேர்தல் வந்தது. அருள்பாண்டியின் பங்காளி ஜெயபாண்டி நின்றான். மாலை நேரத்தில் அறையைக் காணொளிப் பதிவுக்கு விட்டால் மேசை உலகத்துக்கே தெரியும் என்பது அவன் வாக்குறுதி. அந்த மாலையைக் காப்பாற்றுவதற்காகவே முத்துமீனா எதிர்த்து நின்றாள். மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தாள். மறுநாளே ஜெயபாண்டி நடுவர் மன்றத்துக்குப் போனான். ஒரே எண்ணிலிருந்து இரண்டு மூன்று வாக்குகள் விழுந்திருக்கின்றன, எல்லாம் வில்லாபுரத்துப் பெண்கள், எல்லாம் முத்துமீனாவுக்கு என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒரே எண்ணில் எத்தனை பெயர் பதிந்தாலும் வாக்கெடுப்பு நடத்திய செயலி தடுக்கவில்லை. தடுத்தது சாசனம் மட்டும்தான்.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே ஒலி அரங்கில் நடந்தது. மில் ஓடாததால் மாடி அறை அமைதியாக இருந்தது. முத்துமீனா போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் முனியாயி. நூற்றுக்கணக்கான பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெயபாண்டிக்காக அருள்பாண்டியே வாதாடினான்.

"நடுவர் ஐயா, ஒரு போனு, மூணு ஓட்டு. அந்தப் போன் யாரு கையில இருக்கு? காளைன்னு ஒருத்தரு, ஆட்டோ ஓட்டுறாரு. அவரு நம்ம படிப்பகத்துப் படிய மிதிச்சதில்ல. ஆக, ஓட்டுப் போட்டது அக்கா தங்கச்சிகளா, இல்ல சவாரிக்கு நடுவுல ஆட்டோக்கார அண்ணனா?"

சிரிப்புப் பொம்மைகள். கீழே கருத்துகள் ஓடின. 'குடும்ப பேக்கேஜ்.' 'ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம்.' அப்புறம் ஒன்று வந்தது: 'இவங்களுக்கு எதுலயும் சலுகை கேட்டே பழக்கம்.'

அந்தக் கடைசிக் கருத்துக்கு இதயங்கள் விழுந்துகொண்டே இருந்தன. முத்துமீனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளோடு மாதக்கணக்கில் குடியரசு பேசியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அருள்பாண்டி நினைத்தால் ஒரு தட்டில் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கமெண்ட எடுங்க" என்றாள்.

"கருத்துச் சுதந்திரம் மீனா. நீ எழுதுன சாசனம்தான்" என்றான். மறுபடி சிரிப்பு.

முனியாயி பாட்டிலில் சாய்ந்திருந்த போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஐயா, நாந்தான் முனியாயி. எங்கண்ணன்கிட்ட கெஞ்சி போன வாங்கி, நானும் என் தங்கச்சிகளும் ஒவ்வொருத்தியா போட்டோம். எங்கண்ணனுக்கு இந்த ரூமு எங்க இருக்குன்னே தெரியாது."

தலைமை நடுவர் நல்லகாமன் ஓய்வுபெற்ற பேராசிரியர். குரலில் கனிவு சொட்டும்.

"அம்மா, நீங்க எதிர்மனுதாரரோட கணக்கிலிருந்து பேசுறீங்க. இதைச் சாட்சியமா எடுக்க விதியில இடமில்லை."

"வேற எதுலருந்துங்கய்யா பேசணும்?"

"உங்க சொந்தக் கணக்கிலிருந்து."

"எங்கிட்ட போனே இல்லைங்கய்யா. அதத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அது இந்த மன்றத்தின் முன் உள்ள கேள்வி இல்லை" என்றார் நல்லகாமன்.

முத்துமீனா வாதாடினாள். விதியின் நோக்கம் கள்ள ஆளைத் தடுப்பது, இருக்கிற ஆளை அழிப்பதல்ல என்றாள். இந்தப் பெண்கள் தினமும் வந்து உட்காரும் அறையில் வந்து பாருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், எழுந்து நிற்பார்கள் என்றாள். குரல் உடைந்தது. 'உணர்ச்சிவசப்படுறாங்க' என்று ஒருவர் எழுதினார். எந்த வாக்கு யாருடையது என்று உறுதிசெய்ய வழியில்லாததால், அந்த எண்களில் பதிவான எல்லா வாக்குகளும் செல்லாது என்று மூன்று நடுவர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஜெயபாண்டி தலைவர்.

"வாழ்த்துகள் பங்காளி" என்றான் அருள்பாண்டி. உடனே ஒரு படத்தைத் திரையில் போட்டான். முத்துமீனாவின் முகமும் அவளுடைய வரியும். ஏத்துக்க மாட்டேங்கிறவன் நாட்டயே எரிக்கிறவன்.

"தீர்ப்ப ஏத்துக்கிறியா மீனா? ஒரு வார்த்த சொல்லிரு. எல்லாரும் காத்திருக்கோம்."

அவள் மைக்கை அணைத்தாள்.

"என்னக்கா கேக்குறாரு?" என்றாள் முனியாயி.

"தீர்ப்ப ஏத்துக்கிறேனான்னு."

"அது கெடக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் ரூமு உண்டா இல்லையா? அதக் கேளு."

முத்துமீனா எழுதிக் கேட்டாள். ஜெயபாண்டி பெருந்தன்மையாகப் பதில் சொன்னான். "சாயங்காலம் ரெக்கார்டிங். பெண்கள் பகல்ல தாராளமா வரலாம். பதினோரு மணிக்கு மேல ரூமு காலியாத்தான கெடக்கு."

பதினோரு மணிக்கு முனியாயி தையல் மிஷின்களுக்கு நடுவே நின்று காலர் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். அது ஜெயபாண்டிக்குத் தெரியாமலில்லை.

முனியாயி அதை வாசித்தாள். போனைக் கீழே வைத்தாள்.

"ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டுன்னு எழுதுனது யாருக்கா?"

"நான்தான்."

"எங்க வீட்டுக்கு நீ எத்தன தடவ வந்திருக்க. எங்கம்மா கையால கொழம்பு வாங்கித் தின்னுருக்க. ஒத்தப் போனுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு?"

முத்துமீனாவுக்குத் தெரியும்தான். காளைக்குப் போன் செய்துதான் முனியாயியைக் கூப்பிட்டிருக்கிறாள், எத்தனையோ முறை. ஆனால் அந்த வரியைத் தட்டியபோது அவள் வில்லாபுரத்தில் இல்லை. ஆளுக்கொரு கதவும் ஆளுக்கொரு தபால் பெட்டியும் உள்ள ஏதோ ஒரு குளிர்தேசத்தில் இருந்தாள். அங்கே குடிமகன் என்றால் ஒற்றை ஆள். அவனுக்கு ஓர் எண். அருள்பாண்டி அதைப் படித்துவிட்டு 'கச்சிதம்' என்று எழுதியிருந்தான். அந்த ஒரு சொல்லுக்கு அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பது ஞாபகம் வந்தபோது, அருள்பாண்டி மேல் இருந்த கோபத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற கோபம் தன் மேலேயே வந்தது.

அரங்கில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. 'ஓடிட்டாங்களா?' 'நெட் கட் ஆயிருச்சாம்.' 'ஏத்துக்கோ மீனா, கௌரவமா இருக்கும்.' அந்தக் கடைசி யோசனை உண்மையான அக்கறையோடு வந்தது. ஏற்றுக்கொண்டால் அவள் பெயர் நிற்கும். அடுத்த விவாதத்தில் அவளுக்கு முதல் மைக் கிடைக்கும். தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவள் என்று அந்தப் படத்தையே மறுபடி சுற்றவிடுவார்கள். முனியாயியும் தங்கச்சிகளும் மட்டும் மாலைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மைக்கைத் திறந்தாள்.

"ஏத்துக்கல."

மேசை கொதித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அருள்பாண்டியின் குரல் மேலே வந்தது. முதல்முறையாக அதில் சிரிப்பு இல்லை.

"அமெரிக்காவுல தோத்தவன் ஏத்துக்கலன்னா அவன் நாட்ட எரிக்கிறவன். நீ ஏத்துக்கலன்னா மட்டும் போராளியா? அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம், சொல்லு."

"எனக்குத் தெரியலண்ணே. யோசிச்சாலும் இன்னைக்குத் தெரியாது. உங்க பங்காளி தலைவரா இருந்துக்கட்டும், பட்டம் கட்டிக்கங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்க இந்த ரூமுல இருப்போம். எழுப்பணும்னா நேர்ல வந்து எழுப்புங்க. அந்தச் சலுகைக் கமெண்டுக்கு இதயம் போட்டவங்க அம்புட்டுப் பேரும் வாங்க, முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

முடிக்கும் முன்பே திரை வெளுத்தது. 'குடியரசு மேசை'யிலிருந்து அவள் நீக்கப்பட்டிருந்தாள்.

"பேசுனது அவங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் முனியாயி.

"பாதி கேட்டிருக்கும்."

"சரி" என்று எழுந்து படியிறங்கிப் போனாள். நாளைக்கு வருவேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் வந்தாள். தங்கச்சிகளோடும் கம்பெனித் தோழிகளோடும் வந்தாள். முத்துமீனாவிடம் முகம் கொடுக்காமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். நாற்காலி போதாமல் பலர் தரையில் சம்மணம் போட்டார்கள். கீழே மில் ஓடியது. தரை அதிர்ந்தது.

ஜெயபாண்டி வந்தபோது கையில் விளக்கு ஸ்டாண்டு இருந்தது. பின்னாலேயே கேமராக்காரன். வாசலில் நின்றான். உள்ளே கால் வைக்க இடமில்லை.

"இது சட்டவிரோதம்" என்றான்.

"ஆமாண்ணே" என்றாள் முனியாயி, தலையை நிமிர்த்தாமல். "உக்காருங்க. நின்னுக்கிட்டே எம்புட்டு நேரம் கோவப்படுவீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயபாண்டி போனை எடுத்து அருள்பாண்டியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். "பங்காளி, எந்திரிக்க மாட்டேங்குறாளுக."

"'ளுக'ன்னு பேசாதீங்க" என்றாள் முத்துமீனா. அவள் குரலுக்குக் கேமராக்காரனே பின்னால் நகர்ந்தான்.

போனில் அருள்பாண்டி நிதானமாகப் பேசினான். "விடு பங்காளி. கைகலப்பெல்லாம் வேண்டாம். அக்ரிமெண்ட் என் பேர்லதான இருக்கு. நாளைக்குப் பூட்ட மாத்திருவோம்."

அறையே அதைக் கேட்டது. ஸ்பீக்கரில் இருப்பது அவனுக்குத் தெரியுமா, தெரிந்தேதான் சொன்னானா என்று முத்துமீனாவுக்குப் புரியவில்லை. சாசனம், நடுவர், ஆயுள் பதவி, இத்தனை மாதப் பேச்சுக்கும் அடியில் ஒரு பூட்டுத்தான் இருந்திருக்கிறது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவள் பென்சில்வேனியாவை விட்டுவிட்டு வில்லாபுரத்தைப் பார்த்திருப்பாள்.

ஜெயபாண்டி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். படியில் இடித்து எங்கோ ஒரு கண்ணாடி உடைந்தது.

"நாளைக்கு என்ன பண்றதுக்கா?" என்றாள் முனியாயி. நேற்றிலிருந்து முத்துமீனாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. சமாதானமாகப் பேசியதாகவும் தெரியவில்லை.

முத்துமீனா ஒரு நாற்காலியை இழுத்துப்போய்க் கதவு மூட முடியாதபடி வாசலின் குறுக்கே போட்டாள். அதில் உட்கார்ந்தாள்.

"நீங்க படிங்க" என்றாள்.