சக்கரத்தில் பற்காரை

முப்பத்தெட்டு ஆண்டுகள் இரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவருக்கு அவருடைய சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா எடுப்பதாக இருந்தனர். விழாவில் யார் யார் பேசுவார்கள் என்பது பற்றி அவருடைய குடும்பத்தில் எவரும் கவலைப்படவில்லை. மண்டபத்துக்கு அவர் எந்த மருமகனுடைய காரில் செல்வார் என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.

மருமகன்கள் இருவர். மூத்தவர் வழக்கறிஞர், இளையவர் பல் மருத்துவர். சென்ற மாதம் ஓர் உறவினர் திருமணத்துக்குப் புறப்பட்டபோது, மாமனார் பல் மருத்துவரின் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. சக்கரம் மட்டும் அடிப்பிடிச்ச சட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, வழக்கறிஞரின் காரில் ஏறிக்கொண்டார்.

அன்றிலிருந்து மருத்துவரின் வீட்டில் அந்தச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கவே இல்லை.

"அப்பா இந்தத் தடவையும் அக்கா வீட்டுக் கார்லதான் போகப் போறாரு" என்றாள் மனைவி. "நீங்க ஊர்ல இருக்கிறவங்க பல்லெல்லாம் பளபளன்னு ஆக்குங்க. வாசல்ல நிக்கிற வண்டிய யார் பாக்குறது?"

குற்றச்சாட்டு நியாயமானதே. அது அலாய் சக்கரம். ஒவ்வொன்றிலும் பத்து ஆரங்கள். ஆரங்களுக்கு இடையில் கறுப்பும் பழுப்புமாக ஏதோ ஒன்று படிந்து, தண்ணீருக்கும் அசையாமல், சோப்புக்கும் அசையாமல் இருந்தது. மருத்துவர் குனிந்து பார்த்தார். அவருக்கு அது பழகிய காட்சியாகத் தோன்றிற்று. இருபது ஆண்டுகளாகத் தேநீரும் புகையும் மட்டுமே அறிந்த வாய்களுக்குள் அவர் நாள்தோறும் காண்பது அதைத்தான். இது பற்காரை என்று தீர்மானித்தார்.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருத்துவர் தாமதிக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் கையுறை அணிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த வளைந்த முனைக் கருவியுடன் இடப்பக்க முன்சக்கரத்தின் எதிரே முக்காலி போட்டு அமர்ந்தார். பால் வாங்கித் திரும்பிய அடுத்த வீட்டுக்காரர் சற்று நின்றார்.

"என்ன டாக்டர், வலிக்குதான்னு கேட்டீங்களா?"

"ஆடாம இருக்கு. உங்கள மாதிரி இல்ல."

ஒரு மணி நேரத்தில் ஒரு ஆரத்தின் பாதி துலங்கியது. அத்துடன் நகத்தின் அளவுக்கு மேற்பூச்சும் பெயர்ந்து வந்தது. மருத்துவர் கருவியைக் கழுவி உறையிலிட்டு, ஒரு நிபுணரிடம் அனுப்ப வேண்டிய நோயாளி இது என்று ஒப்புக்கொண்டார்.

அந்த நிபுணர் கடைத்தெருவின் முனையில் கார் கழுவும் நிலையம் நடத்துபவர். எல்லோரும் அவரை 'நுரை' என்றே அழைத்தனர். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வண்டி அங்கே நின்றது. நுரை முதலில் சக்கரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கு. ஆறட்டும் சார். சூட்டுல மருந்து அடிச்சா காய்ஞ்சு கறை புடிச்சுக்கும்."

ஆறிய பின் ஒரு திரவத்தைத் தெளித்தார். இரண்டு நிமிடங்களில் ஆரங்களின் இடுக்குகளிலிருந்து கரும் ஊதா நிறத்தில் ஏதோ ஒழுகத் தொடங்கிற்று. மருத்துவர் ஓரடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க, அப்படித்தான் வரும்" என்றார் நுரை. நாள்தோறும் பிறருக்குத் தாம் சொல்லும் சொற்களைத் தமக்கே ஒருவர் சொல்லக் கேட்டது மருத்துவருக்கு அதுவே முதன்முறை. "இது அழுக்கு இல்ல சார், இரும்புத் தூள். பிரேக் போடப் போட உள்ள இருக்கிற தட்டும் கட்டையும் தேயுது. அந்தத் தூள் சூட்டோட பறந்து போய் ஒட்டிக்குது."

"அப்ப பிரேக் போடலன்னா?"

"போடலன்னா எங்கேருந்து வரும்?" என்றார் நுரை, மென்மையான தூரிகையால் தேய்த்தபடியே.

வேறு எவராக இருந்தாலும் அதைப் பேச்சுவாக்கில் வந்த பதிலாகவே கொண்டிருப்பர். ஆனால் மருத்துவரோ, வந்தபின் நீக்குவதைவிட வராமல் தடுப்பதே சிறந்தது என்ற அட்டையைத் தம் அறையின் நான்கு சுவர்களிலும் மாட்டியிருப்பவர்.

தம் வீட்டு வாசலில் மாமனார் அந்தச் சக்கரங்களைக் கண்டார். கறுப்பு இருந்த இடத்தில் அவருடைய முகமே தெரிந்தது. பின்னால் தம் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்த வழக்கறிஞரைப் பார்த்து, "பெரிய மாப்பிள்ளை, நீங்க முன்னால போங்க. நான் சின்னவரோட வர்றேன்" என்றார். மருத்துவரின் மனைவி தன் அக்காளைப் பார்க்காமலே பார்த்துவிட்டுப் பின்னிருக்கையில் ஏறினாள்.

மண்டபம் நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. தூள் படியாத சக்கரங்களோடு அங்கே சென்று சேர்வதென்று மருத்துவர் உறுதிபூண்டிருந்தார். இரண்டாம் கியரிலேயே வண்டி ஊர்ந்தது. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தால், அது பச்சையாகும்வரை அவர் இன்னும் மெல்ல ஊர்ந்தார். காய்கறி ஏற்றிய மிதிவண்டி ஒன்று அவர்களைக் கடந்து சென்றது. ரவுண்டானாவில் இடைவெளி கிடைக்காமையால் மூன்று முறை சுற்றினர். இரண்டாம் சுற்றிலேயே போக்குவரத்துக் காவலர் அவர்களுக்குக் கையசைக்கத் தொடங்கிவிட்டார்.

"ஏங்க, வண்டிக்கு எதுவும் ஆயிடுச்சா?"

"வண்டி அருமையா இருக்கு. நீ பேசாம வா."

மாமனாரின் வலது கால், இல்லாத ஒரு மிதியைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தது.

மண்டப வாயிலில் சங்கத் தலைவர் பூச்செண்டுடன் ஓரடி முன்னால் வந்தார். கார் அவரை மரியாதையாகக் கடந்து சென்றது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மீண்டும் வந்தபோது அவர் பூச்செண்டை நீட்டினார், மீண்டும் கடந்தது. மூன்றாம் முறை, முன்னரே வந்து சேர்ந்திருந்த வழக்கறிஞரும் படியில் நின்று கையை ஆட்டினார். அதுவும் வீணாயிற்று.

"மாப்பிள்ளை" என்றார் மாமனார், வெகு அமைதியாக. "இந்த ஸ்டேஷன்ல நமக்கு நிறுத்தம் உண்டு."

"இதோ மாமா. கொஞ்சம் ஏத்தமா ஒரு இடம் கிடைச்சா தானா நின்னுடும்."

நான்காம் சுற்றில் மாமனாரின் கை இரு இருக்கைகளுக்கும் இடையிலிருந்த கைபிரேக்கின் மீது சென்றது. அவர் அதைச் சிறிது சிறிதாக இழுத்தார். கார் ஒரு குலுக்கலும் இன்றி, முதற்படிக்கு நேராக அவருடைய கதவு வரும்படி நின்றது. சங்கத்தார் கைதட்டினர்.

விழாவில் நன்றியுரைக்காக எழுந்த மாமனார் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல நிக்க வேண்டிய இடத்துல நிக்காம போனது ஒரு தடவகூட இல்ல. இன்னிக்குக் காலையில மூணு தடவ போனேன். ஆனா நான் ஓட்டல."

அரங்கம் சிரித்து ஓய்ந்த பிறகும் வழக்கறிஞர் சிரித்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவர் நேராக அமர்ந்து எதிரிலிருந்த மேசைவிரிப்பை ஆராய்ந்தார். திரும்பும் பயணம் கைவிட்டுப் போயிற்று என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

விழா முடிந்து எல்லோரும் வெளியே வந்தனர். வழக்கறிஞர் முந்திக்கொண்டு தம் காரின் கதவைத் திறந்தார்.

"வாங்க மாமா. என் வண்டி நிக்கும்."

"அது தெரிஞ்சதுதானே" என்று சொல்லிய மாமனார், அவரைக் கடந்து மருத்துவரிடம் வந்து கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

"மாமா, நீங்களா?"

"நானேதான். பின்னால உக்காருங்க. இந்தக் கேடயத்த மடியில வெச்சுக்கங்க, கண்ணாடி, உடைஞ்சிடும்."

இவ்வாறு, தம் மாமனார் தம்முடைய காரில்தான் சென்றார் என்று எந்த அவையிலும் சொல்லிக்கொள்ளும் உரிமையை மருத்துவர் பெற்றார். நினைவுக் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தார். மனைவி முன்னால் அமர்ந்தாள். மாமனார் சிவப்புக்கு நின்றார். மஞ்சளுக்கும் நின்றார். தெருவைக் கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாய்க்காகவும் நின்று, அது தீர்மானிக்கும்வரை காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் மருத்துவரின் பற்கள் தாமாகவே கடித்துக்கொண்டன.

"பிரேக் நல்லாப் புடிக்குது மாப்பிள்ளை" என்றார் மாமனார், மனம் நிறைந்து. "புதுசு மாதிரியே இருக்கு. யாரும் தொட்டதே இல்ல போல."