கையெழுத்துப் போட்ட கஞ்சி

ஸ்காட்லாந்தில் எங்கள் கம்பளி மில்லின் முதலாளி ஆடம் லெய்ட்லா, ஓட்ஸ் கஞ்சியை 'அது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'அவங்க'தான். அவர் அப்பாவும் அப்படித்தானாம். அவங்களுக்கு உப்பு மட்டும்தான் போட வேண்டும், நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும், மிஞ்சினால் சமையலறை மேசை டிராயரில் ஊற்றி, இறுகியதும் துண்டு போட வேண்டும். சர்க்கரை என்று வாயெடுத்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பதினாறு வருடமாக அவருக்குக் கடிதம் தட்டச்சு செய்யும் நெட்டாவாகிய நான் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், அக்டோபர் வந்தும் ஒரு ஆர்டர்கூட இல்லை. ராட்டர்டாமிலிருந்து யோஸ்ட் என்று ஒரு வியாபாரி வந்திருந்தார். நாலாயிரம் போர்வைக்கு ஒப்பந்தம் முடிந்தால் தறி ஓடும். இல்லாவிட்டால் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று மனிதர் ஒரு புத்தகத்தையே கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். பெருமை பேசவில்லை. விலைப்பேச்சை முதலில் எடுக்கவில்லை. மழையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினார். லெய்ட்லா மனம் குளிர்ந்து, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

"ஏழு மணிக்கு வந்துடுங்க தம்பி. அவங்க காத்திருக்க மாட்டாங்க. அவங்க முன்னாடி உட்காரக் கூடாது."

'அவங்க' என்றால் மில்லின் பங்குதாரர்கள் என்று யோஸ்ட் நினைத்துக்கொண்டார். எல்லாரையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று கேட்டார்.

"மிஞ்சினவங்களை டிராயர்ல போட்டு வெட்டிடுவோம்," என்றார் லெய்ட்லா.

யோஸ்டின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு விஷயம் புரிந்தது. ஆனால் விருந்தாளியை முகத்துக்கு நேரே திருத்துவது எங்கள் ஊரில் பழக்கமில்லை. அந்தப் பாழாய்ப்போன மரியாதையால் வந்த வினைதான் இத்தனையும்.

காலையில் ஒப்பந்தத் தாளோடு நானும் போயிருந்தேன். யோஸ்ட் கறுப்பு சூட்டில், கையில் பூங்கொத்தோடு சமையலறையில் விறைப்பாக நின்றார். "வந்துட்டாங்க," என்றபடி லெய்ட்லா பானையை இறக்கினார். யோஸ்ட் வாசல் கதவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். யாரும் வரவில்லை. கிண்ணம் கைக்கு வந்தது, ஒரு கரண்டி வாயில் போட்டார்.

"அவங்க எப்படி?"

"நான் இன்னும் அவங்களைப் பார்க்கவே இல்லையே."

"உங்க வாய்க்குள்ளதான் இருக்காங்க."

விஷயத்தை நான் விளக்கியதும் யோஸ்ட் அழாத குறை. தலைமை அலுவலகத்துக்கு நேற்றே போன் போட்டுவிட்டாராம். இங்கே முடிவு 'அவர்கள்' கையில், ரொம்பக் கண்டிப்பானவர்கள், உட்காரக்கூட விட மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவர்கள் கையெழுத்தில்லாமல் ஒப்பந்தம் செல்லாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும். கையெழுத்து வராவிட்டால் எங்கள் வேலை போகும்.

'அவர்கள்' போட வேண்டிய கையெழுத்தையும் நீங்களே போட்டுவிடுங்கள் என்று லெய்ட்லாவிடம் கெஞ்சினேன்.

"அடுத்தவங்க கையெழுத்தை நான் போடறதா? அது மோசடி, நெட்டா."

கஞ்சியின் கையெழுத்தைப் போட்டால் மோசடியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பானையிலிருந்து ஒரு கரண்டி அள்ளி, கையெழுத்துக் கோட்டின் மேல் பொத்தென்று வைத்தேன்.

"இந்தாங்க. அவங்களே போட்டுட்டாங்க."

லெய்ட்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். "மோசமில்ல," என்றார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பிறகு பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ராட்டர்டாமில் அதை ஏதோ பழைய காலத்து முத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். தறி ஓடியது, இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் ஆர்டரோடு ஒரு கடிதம் வரும். 'அவர்களுக்கு எங்கள் பணிவான வணக்கங்கள்' என்று ஆரம்பிக்கும். காலை ஏழு மணிக்குப் பானை முன்னால் நின்று நான்தான் அதை வாசிக்க வேண்டும். போன வருடம் பசியில் கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டேன்.

"முழுசா படி, நெட்டா," என்றார் லெய்ட்லா. "நமக்குச் சோறு போடறவங்க அவங்கதான்."