புதுப் பூச்சு

பஸ் நிறுத்தத்தில் டப்பாவைக் குலுக்கிக் குலுக்கித் தையல்காரிக்கு வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பா அது. வெளியே சர்ச்சின் படத்தை ஒட்டி, "நம் பழமையான ஆலயத்தைக் காப்போம்" என்று கணக்கு டீச்சர் அழகாக எழுதியிருந்தார். வியர்வையில் "காப்போம்" மட்டும் கரைந்து போயிருந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவளைத் தூரத்தில் கண்டதுமே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அடிக்காத போனில் பேசுவதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. முன்பெல்லாம் அவளுக்குக் கோபம் வரும். இப்போது, பாவம், அவர்களும்தான் எத்தனை டப்பாவுக்குப் போடுவார்கள் என்று தோன்றிவிடுகிறது.

ஆலயப் புதுப்பிப்புக் குழு என்று ஆரம்பித்தபோது உட்கார நாற்காலி போதவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், கை தட்டினார்கள், குழுவுக்கு எந்த நிறத்தில் தொப்பி போடலாம் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது மூன்று பேர். கணக்கு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போஸ்ட்மேன், இவள். சர்ச்சின் பழைய திரைச்சீலைகளை வெட்டிப் பை தைத்து விற்றார்கள். பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். மைக் செட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது டீச்சருக்குத் தலைவலி. அதற்கப்புறம்தான் இந்த டப்பா.

இத்தனைக்கும் காரணம் வடக்குச் சுவர். உச்சியிலிருந்து ஜன்னல் வழியாக மூன்றாவது பெஞ்சுக்கு நேர் மேலே வரை ஒரு விரிசல் இறங்கியிருந்தது. போன வருடம் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் போனார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதுதான் சாட்சி என்றார். முதல் கண்ணாடி மழைக்கு முன்பே உடைந்தது. இரண்டாவது போன மாதம். மூன்றாவதில் கீறல் விட்டிருந்தது. இதற்கு மேல் போனால் கதவைப் பூட்டி சீல் வைப்போம் என்று நகராட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் பழைய கட்டடங்களுக்கு உதவி செய்கிற ஒரு அறக்கட்டளை மனமிரங்கியது. அவர்களுடைய என்ஜினியர் நேரில் வந்து பார்த்து, சுவர் ஆபத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால் பெரிய செலவை அவர்களே ஏற்பார்கள். அந்த என்ஜினியர் நாளைக்கு வருகிறார்.

மற்றவர்களுக்கு அது பழமையான கட்டடம். தையல்காரிக்கு அந்த மூன்றாவது பெஞ்ச். வீட்டில் உட்கார்ந்தால் யாராவது தண்ணீர் கேட்பார்கள். மிஷினில் உட்கார்ந்தால் அது வேலை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும்தான் அது உட்கார்வது. பெரிய பக்தி என்றெல்லாம் சொல்ல முடியாது. பல நாள் ஜெபம் கூடச் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறாள். அது போய்விட்டால் இந்த உலகத்தில் தான் போய் உட்கார வேறு இடமில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அவள் புருஷன் கொத்தனார். சர்ச்சுக்கும் அவருக்கும் கல்யாணத்தன்றைக்கு ஏற்பட்ட பழக்கம் அன்றோடு சரி. வேலை விட்டு வரும் வழியில் ஒரு நாள் கூட்டாளிகளோடு பஸ்ஸில் போனபோது, ஜன்னலுக்கு வெளியே டப்பாவோடு நின்ற மனைவியைப் பார்த்துவிட்டார். கூட்டாளி ஒருவன் வேண்டுமென்றே எட்டிக் காசு போட்டான். அன்றிரவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"ஒரு சுவத்துக்காக ஊரெல்லாம் கையேந்தணுமா? ரெண்டு சட்டி கலவை போட்டா முடிஞ்சுது."

"நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன். பாத்துட்டுப் பேசுங்க."

"எனக்கு வேற வேலை இல்ல?"

அதோடு பேச்சு முடிந்தது. பிறகும் அவள் கால் வீங்கி வருவதையும், வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே தூங்கிவிடுவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெந்நீரை மட்டும் அவரே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்.

மறுநாள் காலை, என்ஜினியர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தையல்காரி சர்ச்சுக்குள் நுழைந்தபோது, அவள் புருஷன் அங்கே நின்றுகொண்டிருந்தார். தலைவாரி, அவள் தைத்துக் கொடுத்து இரண்டு வருடமாகத் தொடாத சட்டையைப் போட்டுக்கொண்டு, மூலையில் சாமான் பையோடு. நேற்று வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர், கூலியை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். பாதரும் நல்ல மனசோடு கதவைத் திறந்துவிட்டு எங்கோ பூசைக்குப் போயிருக்கிறார். வடக்குச் சுவரை மேலிருந்து கீழ்வரை வழவழவென்று பூசி, ஜன்னல் ஓரத்துக்குக் கரை கூடப் பிடித்திருந்தது. விரிசல் இல்லை. கண்ணாடித் துண்டுகள் இல்லை.

"பெரிய மனுஷன் வர்றாருன்ன. அசிங்கமா இருக்க வேணாம்னுதான்," என்றார் அவளைப் பார்க்காமல். "இனிமே நீ தெருத்தெருவாப் போக வேணாம்."

அடப்பாவி மனுஷா என்று அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடிந்தது. திட்ட வாய் வரவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் அவளுக்காக ஒரு நாள் கூலியை விட்டது இதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. எதற்கு என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குள் டீச்சரும் போஸ்ட்மேனும் என்ஜினியரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். சுவரைப் பார்த்ததும் இருவரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். என்ஜினியர் டார்ச் அடித்துப் பார்த்தார், விரல் முட்டியால் அங்கங்கே தட்டினார்.

"புதுசாப் பூசியிருக்கீங்க. பராமரிப்பு நல்லாத்தான் இருக்கு. விரிசல்ல கண்ணாடி ஒட்டியிருக்குன்னு எழுதியிருந்தீங்களே, எங்க?"

"அதெல்லாம் பேத்து எடுத்துட்டேன் சார்," என்றார் கொத்தனார், பாராட்டுக்குக் காத்திருக்கிறவர் போல. "எல்லாம் உடைஞ்ச கண்ணாடி."

"எங்ககிட்ட போட்டோ இருக்கு சார்," என்றார் டீச்சர் அவசரமாக.

"அது போன வருஷத்து போட்டோ மேடம். இன்னைக்கு என் கண்ணுல படுறதத்தான் நான் எழுத முடியும். இதைவிட மோசமான நிலைமையில இன்னும் எத்தனையோ கட்டடம் காத்துக்கிட்டிருக்கு." அவர் கையிலிருந்த ஃபைலை மூடினார். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

போஸ்ட்மேன் தரையைப் பார்த்தார். டீச்சர் தையல்காரியைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். யாருடைய புருஷன் என்று தெரியும். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கொத்தனாருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது போலிருந்தது. கலவை தின்று வெடித்த விரல்களைப் புதுச் சட்டையில் தேய்த்துக்கொண்டே நின்றார்.

பேசாமல் இருந்துவிடலாம். அவர் மானமாவது மிஞ்சும். வீட்டுக்குப் போய் நல்லாப் பூசியிருக்கீங்க என்று ஒரு வார்த்தை சொல்லலாம். டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுத் தூங்கலாம். எத்தனை நாள் ஆயிற்று அவள் நன்றாகத் தூங்கி. என்றாவது ஒரு மழையில் சுவர் விழும், பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"சார், ஒரு நிமிஷம்."

பைக்குள் கையை விட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். மூன்றாவது பெஞ்சின் மேல் ஏறி நின்று, ஈரம் காயாத பூச்சில் அதன் முனையை ஓங்கிக் குத்தினாள். ஒரு சில்லு உதிர்ந்தது, பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தைப் பார்த்தால் அதற்கப்புறம் கை ஓடாது என்று தெரியும். முதுகு முழுக்க அந்த முகம்தான் இருந்தது. கத்தரிக்கோல் சுவரில் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பின்னால் காலடிச் சத்தம். அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"விடு. கத்தரி மழுங்கிடும்."

கொத்தனார் அவளைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார். மூலையிலிருந்த பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"தள்ளி நில்லு. கண்ணுல தெறிக்கும்."

எவ்வளவு பொறுமையாகப் பூசினாரோ அவ்வளவு பொறுமையாகத்தான் பெயர்த்தார். பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே விரிசல், அவர் கை முழுசாக நுழைகிற அளவுக்கு.

"நேத்தே தெரியும் சார்," என்றார், உளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கலவை நிக்கல. ஆழம் எவ்வளவுன்னே தெரியல. கல்லு வெச்சு அடைச்சேன்."

என்ஜினியர் மூடிய ஃபைலைத் திறந்தார். டார்ச்சை மறுபடி எடுத்தார்.

தையல்காரிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பெஞ்சில் விழுந்திருந்த ஈரப் பூச்சைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். அவள் புருஷன் விரிசலுக்குள் கையை விட்டு, நேற்று அடைத்த கற்களை ஒவ்வொன்றாக உருவி, அவள் பக்கத்தில் பெஞ்சின் மேல் சத்தமில்லாமல் வைத்தார். கடைசிக் கல் வந்ததும் அந்தப் பக்கத்து வெளிச்சம் மெல்லிய கோடாக உள்ளே விழுந்தது, தூசி படிந்த புதுச் சட்டையின் மேல்.