கடைசி ஸ்வரத்துக்கு முன்னால்

ஹ்ராட்னிட்ஸ் நகர மண்டபத்தில் அந்த சிம்பொனி இருபத்திரண்டு வருஷம் முடியாமல் ஓடியது. குற்றம் எங்கள் ஊர்ப் பழக்கத்தின் மேல்தான். ஒத்திகையில் கடைசி ஸ்வரத்தை வாசித்தால் யாராவது செத்துப்போவார்கள் என்று இங்கே ஒரு பயம். பொஹீமியாவிலேயே இப்படி ஒரு கிறுக்கு ஊர் கிடையாது. பொஹுமீர் ஸ்காலா எழுதி, அவரே நடத்திய சிம்பொனி அது. குளிர்காலம் முழுக்க ஒத்திகை பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் வில்லைத் தூக்கிவிட்டு பீர் குடிக்கப் போனார்கள். விரல்களுக்கு அதுவே பாடமாகிவிட்டது. கச்சேரியன்று புயல் மாதிரி எழும்பிய வயலின்கள், காட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற கொம்புகள், அடிவயிற்றைக் கலக்கும் பேரிகை எல்லாம் முடிவுவரை வந்தன, நின்றன, ஓபோக் குழல் அழுகிற மெதுவான பகுதிக்கே திரும்பிப் போயின.

இசை முடியாமல் எழுந்திருப்பது இங்கே மரியாதை இல்லை. எழ நினைத்தவர்களின் கால்களும் அசைய மறுத்தன. வெளியே கதவைப் பிளக்க ஓங்கிய கோடாரிகள் பேரிகையின் தாளத்துக்கு ஆடினவே தவிர மரத்தைத் தொடவில்லை. உள்ளே மெழுகுவர்த்தி துளிகூடக் குறையவில்லை. வெளியே ரயில் வந்தது, பாதிரியார்கள் மாறினார்கள், ஊர் அந்த இசைக்கே தூங்கவும் மாவு பிசையவும் பழகிக்கொண்டது.

மூன்றாம் வரிசையில் ரூஷெனா, கொம்பு வாசிக்கும் மத்யேயின் பெண்டாட்டி. கைக்குழந்தை ஆனெஷ்காவை ரொட்டிக்கடைக்காரியிடம் விட்டு, "பசிச்சு அழறதுக்குள்ள வந்துடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தவள். ஐயோ, அவளுக்கு அது இன்னும் அதே சாயங்காலம்தான். பிள்ளைக்குப் பசிக்குமே என்று நினைப்பாள். நினைத்து முடிப்பதற்குள் ஓபோ மறுபடி தொடங்கிவிடும். ஆனெஷ்கா வளர்ந்தாள், ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்தாள். அம்மாவோ அடையாளம் தெரியாமல், அவளைத் தாண்டிக் கைக்குழந்தையைத் தேடினாள்.

ஆனெஷ்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. ஆட்டுப்பாலைக் குழந்தை கக்கியது. நோஞ்சானாகிப்போன அதைத் தூக்கிக்கொண்டு, வேறு போக்கிடம் தெரியாமல், அந்த ஜன்னலடியில் வந்து நின்றாள். குழந்தை வீறிட்டது.

ரூஷெனா எழுந்துவிட்டாள். இருமக்கூடக் கூசுகிற மண்டபத்தில், "யோவ் மத்யேய்! வாசிச்சுத் தொலையேன்யா அதை! என் புள்ள அழுவுது!" என்று கத்தினாள்.

"ஸ்காலா இன்னும் கை காட்டலியேடி" என்றான் அவன், கொம்பிலிருந்து வாயை எடுக்காமலே.

"பெரிய கை! எவன் செத்தாலும் சாகட்டும், ஊதுய்யா!"

ஊதினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் சாகவில்லை. கதவு திறந்துகொண்டது.

ரூஷெனா ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கி, படியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். அது குடித்தது. அப்புறம்தான் நிமிர்ந்து, தன் வயதே இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"ரொட்டிக்கடை அக்கா அனுப்பினாங்களா? ரொம்ப நேரமா அழுதாளா?"

ஆனெஷ்கா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா. ரொம்ப நேரமா" என்றாள்.