தேர் அன்று பட்டறைச் சத்தம்

வளையல் சத்தம் நின்றதும் ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நின்ற விதம் அப்படி.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி லலிதாம்பிகை சிதம்பரத்தில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து நாங்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் ஒரு வீடியோ கேமில்தான்.

ஏதோ ஒரு குளிர் நாட்டில், ராஜா காலத்துக் கொல்லுப்பட்டறை. இரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்தே பேசிக்கொண்டு சேர்ந்து நடத்தலாம். அவள் துருத்தி ஊதி உலையைப் பார்த்துக்கொள்வாள், கடைக்கு வருகிறவர்களிடம் பேரம் பேசுவாள். நான் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பட்டடைக் கட்டையில் வைத்து அடிப்பேன். கவசம் போட்ட காவலன் ஒருவன் தினமும் வந்து விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போவான். அவனுக்கு லலிதா என் சித்தப்பா பெயரை வைத்திருந்தாள். நான் மறுக்கவில்லை, பொருத்தமாகத்தான் இருந்தது.

என் சுத்தியல் சத்தம், நடுவில் அவள் கையை அசைக்கும்போதெல்லாம் கண்ணாடி வளையல் குலுங்குகிற சத்தம். வளைகாப்பில் முழங்கை வரை அடுக்கியது, பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. அவள் பேசாவிட்டாலும் வளையல் பேசிக்கொண்டிருக்கும். எனக்கு அது போதும்.

அன்று சிதம்பரத்தில் தேர். நான் போயிருக்க வேண்டும்.

"தேர் அன்னிக்கு பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க மாமா, வெயில்ல லோலோன்னு நடக்கணும். நாளைக்கு வாங்க" என்று அவள்தான் தடுத்தாள். மாமனார் நடனசபாபதியும் மாமியார் அமராவதியும் தேர் பார்க்கப் போயிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி கூட்டத்தில் இடிபடக் கூடாதென்று அவளை வீட்டில் விட்டு, தாழ்ப்பாள் போட அவள் எழுந்து வர வேண்டாமென்று கிரில் கேட்டை வெளியே கொக்கி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"தெருவே காலி. ராஜாம்பாக்கா மட்டும்தான் இருக்காங்க, அவுங்களுக்குத் தீட்டு" என்றாள் லலிதா.

ராஜாம்பாள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். குறிஞ்சிப்பாடியில் அவருடைய கொழுந்தனார் இறந்து இன்னும் காரியம் ஆகவில்லை. அதனால் கோயில் இல்லை, தேர் இல்லை. வளையல் போட்ட பெண் இருக்கிற வீட்டுப் படியைக்கூட மிதிக்க மாட்டேன் என்று தள்ளியே நின்றாராம். அதற்கு முன்னால் அப்படியில்லை. லலிதா போன புதிதில் ஹெட்போன் இல்லாமல் ஆடினாள், என் சுத்தியல் சத்தம் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. உடனே வந்து நின்றுவிட்டார். "என்னாடி இது, பொழுதன்னைக்கும் டங்கு டங்குன்னு! வீடா பட்டறையா?" அதை நானே கேட்டேன். மறுநாளே ஹெட்போன் வாங்கினோம்.

என் குரல் பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயர் கூவுகிற குரல் என்பது லலிதாவின் அபிப்பிராயம். காது வலிக்கிறதென்று என் பேச்சின் சத்தத்தை மட்டும் அவள் பக்கத்தில் அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்திருந்தாள். சுத்தியலைக் குறைக்கவில்லை. சுத்தியல் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

குதிரை லாடம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தோம்.

"தலை வலிக்குது மாமா. கண்ணு முன்னாடி என்னமோ மினுக்கு மினுக்குங்குது."

"போய்ப் படு. லாடம் எங்கயும் ஓடிடாது."

"இது முடியட்டும். ஊதறேன், அடிங்க."

அடித்தேன். திடீரென்று வளையல்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின. சிரிக்கும்போது குலுங்குகிற மாதிரி இல்லை. வளையல் போட்ட கையைப் பிடித்து யாரோ விடாமல் உதறுகிற மாதிரி. "என்னா, அங்க டான்ஸா?" என்று நான் கேட்டேன். நாற்காலி சாய்ந்தது. கண்ணாடி நொறுங்குகிற சத்தம். ஹெட்போனைப் பிடுங்கியதைப் போல ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை.

"லலிதா?"

திரையில் அவளுடைய பொம்மை, தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண், துருத்தியின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றது. உலை மெல்ல மெல்லக் கறுத்தது. கத்தினேன். எத்தனை முறை கத்தினேனோ தெரியாது, பெயரைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அவளுடைய செல்லுக்குப் போட்டேன். மாமனாருக்குப் போட்டேன். மாமியாருக்குப் போட்டேன். தேர்க் கூட்டத்தில் ஊரே செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு லைனும் போகாது. வீட்டுக்கு வருகிற இன்டர்நெட் ஒன்றுதான் உயிரோடு இருந்தது, அதன் மறுமுனையில்தான் அவள் கிடந்தாள்.

நூற்றெட்டுக்குப் போட்டதும் எடுத்துவிட்டார்கள். விலாசம் சொன்னேன்.

"சார், வண்டி அனுப்புறோம். ஆனா தேர் வீதியைத் தாண்டி உள்ள வர முடியாது. வீதி முனைக்கு யாராவது தூக்கிட்டு வந்துருவாங்களா?"

"யாரும் இல்லம்மா! நான் கடலூர்ல இருக்கேன்!"

"யாரையாவது அனுப்பப் பாருங்க சார்" என்றது அந்தக் குரல். பொறுமையான குரல். எனக்கு அந்தப் பொறுமையின் மேல் கோபம் கோபமாக வந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஆனால் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும்? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அந்தப் பதற்றத்தில் கை மவுஸில் இடித்து, சுத்தியல் ஒரு அடி அடித்தது. டங்.

காதில் இரண்டு முறை கேட்டது. என்னுடையது ஒன்று. சற்றுப் பின்னால், ஒரு அறைக்குள்ளிருந்து திரும்பி வருகிற மாதிரி இன்னொன்று.

மறுபடி அடித்தேன். மறுபடி இரண்டு. ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டுவிட்டது. அவளுடைய லேப்டாப் இப்போது வெளியே சத்தம் போடுகிறது, அறையில் நடப்பதை எனக்கும் கேட்கவைக்கிறது. "லலிதா!" என்று கத்திப் பார்த்தேன். அது மட்டும் திரும்பி வரவில்லை. என் குரலைத்தான் அவள் அடக்கி வைத்திருந்தாளே.

ஆனால் காதைக் கூர்மையாக்கியதும் வேறொன்று கேட்டது. குறட்டை மாதிரி, தொண்டையில் நீர் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு மூச்சு. இருக்கிறாள். அந்த மூச்சு எப்போது நிற்குமோ என்ற பயத்தில் என் மூச்சை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், தேருக்குப் போகாமல், சத்தத்தைக் கண்டாலே ஆகாத ராஜாம்பாள்.

அடிக்க ஆரம்பித்தேன். உலை அணைந்து இரும்பு குளிர்ந்திருந்தது. குளிர்ந்த இரும்பை அடித்தால் அந்த விளையாட்டில் பல் கூசுகிற மாதிரி சத்தம் வரும். இரும்பும் சீக்கிரம் உடைந்துபோகும், பட்டடையில் ஏதாவது இருந்தால்தான் சுத்தியல் இறங்கும். லாடம் உடைந்தது. அலமாரியிலிருந்து கோடரி ஒன்றை எடுத்து வைத்து அடித்தேன். அது உடைந்ததும் ஏர்க்கொழு. அதற்கப்புறம் கதவுக் கீல்கள். கடைக்கு வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு வெளியே போனார்கள். கவசக்காரச் சித்தப்பாவும் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து வைத்ததையெல்லாம் நான் ஒருவனே உடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சுவரில் மாட்டியிருந்த கத்திதான் மிச்சம். லலிதா முதன்முதலாகத் தன் கையால் செய்தது, கொஞ்சம் கோணல். ராஜாவே வந்து கேட்டாலும் விற்க மாட்டேன் என்று வைத்திருந்தாள். அதை எடுத்துப் பட்டடையில் வைத்தேன். அழுதுகொண்டேதான் அடித்தேன்.

தூரத்தில் ஒரு குரல் கேட்டது. "ஏ லலிதா! மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? காது கிழியுதுடி!"

அந்தத் திட்டைக் கேட்டு இப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். இன்னும் ஓங்கி அடித்தேன். குரல் நெருங்கியது, கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

"படிய மிதிக்கக் கூடாதுன்னு பாக்குறேன். இல்லன்னா உள்ள வந்து அந்தப் பொட்டிய தூக்கிப் போட்டு ஒடைச்சிருவேன். எம்மாம் திமிரு பாரு, கூப்புட்டா பதிலு இல்ல."

"உள்ள வாங்கக்கா! உள்ள வாங்க!" என்று இங்கே கத்தினேன். மஞ்சக்குப்பத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சிதம்பரத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"எக்கேடோ கெட்டுப் போ" என்றார் ராஜாம்பாள். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

என் உயிரே அந்தச் செருப்போடு போனது. கத்தியில் விரிசல் விழுந்திருந்தது, இன்னும் கொஞ்ச அடிதான் தாங்கும். அடித்தால் இன்னும் திட்டுவார், கதவைச் சாத்திக்கொள்வார். நிறுத்தினால் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று போய்விடுவார். என் சத்தம் இருக்கும்வரை வேறு எதுவும் அவர் காதில் விழாது என்பதும் உறைத்தது. மவுஸிலிருந்து கையை எடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

செருப்புச் சத்தம் நின்றது.

"நிறுத்திட்டியா? அந்தப் புத்தி முன்னாடியே இருக்கணும்." பதிலுக்குக் காத்திருந்தார் போலிருக்கிறது. "ஏண்டி, ஒரு வார்த்தை பேசினா கொறைஞ்சா போயிடுவ?"

தூரத்தில் தேர் இழுக்கிறவர்களின் ஆரவாரம் எழுந்து அடங்கியது.

"லலிதா?" குரல் மாறியிருந்தது. "வளையல் சத்தத்தையே காணுமே. புரண்டு படுத்தாக்கூட எங்க வீட்டு வரைக்கும் கேக்குமே."

கேட்டில் கொக்கி கிரீச்சிட்டது. பிறகு காலடி எதுவும் கேட்கவில்லை.

"ஒரு குரல் குடுறி. நான் தீட்டுக்காரி, உள்ள வரக் கூடாது. தலைச்சம் புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா என் தலையில விடியும். ஒரே ஒரு குரல் குடு தாயி."

பயந்துபோய்க் கெஞ்சுகிற குரல். பேச முடியாதவள் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி, நான் மவுஸைத் தொட்டு ஒரே ஒரு அடி அடித்தேன். டங். கத்தி இரண்டாக உடைந்து பட்டடையிலிருந்து கீழே விழுந்தது. இனி அடிக்க ஒன்றுமில்லை.

காலடி ஓடி வந்தது. வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்தது.

"ஐயோ, புள்ள! யாராவது வாங்களேன்! ஓடியாங்களேன்!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ராஜாம்பாள் தெருமுனை வரை ஓடி, இளநீர் வியாபாரியின் தள்ளுவண்டியைக் காய்களை இறக்கவைத்துப் பிடித்து வந்திருக்கிறார். லலிதாவை அதில் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு, "வழி விடுங்கடா!" என்று கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வீதி முனையில் நின்ற நூற்றெட்டு வண்டிக்குக் கொண்டு சேர்த்திருக்கிறார். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. அப்போது நான் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பைக்கில் பறந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் அந்த மூச்சுச் சத்தம் காதிலேயே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் வேண்டாத சாமி இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டார். அவரால் பேச முடியவில்லை, உதடு கோணியது. நான் முடிந்தது என்றே நினைத்தேன். மாமியார்தான் சொன்னார்: "பொண்ணு. எடை கம்மி, கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காங்க. லலிதாவும் கண்ணு முழிச்சிட்டா." ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டாக்டர்.

ராஜாம்பாளைத் தேடினேன். வெளியே வேப்பமரத்தடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கையில் மடித்த முந்தானை. பிரித்துக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் கழற்றிக் கொடுத்த வளையல்கள், உடையாதவை.

"நான் தொட்டுட்டேன் தம்பி" என்றார். "தீட்டோட மடியில போட்டுக்கிட்டேன். வேற வழி தெரியல. புள்ள பொட்டியில கெடக்குதாமே. என்னாலதானோ? உள்ள வர பயமா இருக்கு."

அந்தக் கேட்டுக்கு வெளியே அவர் நின்ற நேரமெல்லாம் நான் பயந்தது லலிதாவுக்காக. அவரும் லலிதாவுக்காகத்தான் பயந்துகொண்டு நின்றிருக்கிறார்.

"அக்கா, புள்ள பொறந்த வீட்டுக்கும் தீட்டுதான்" என்றேன். "நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே தீட்டு இப்ப. எழுந்து வாங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

குழந்தைகள் அறையின் கதவை நர்ஸ் பாதி திறந்தார். உள்ளே, கையளவு இருந்த ஒன்று முகமெல்லாம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது. ராஜாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்று பார்த்தார்.

"உங்க பட்டறையே தேவலாம் தம்பி" என்றார். "நல்லா கத்தட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."