மிதிக்காரியின் எடை

தீவனக் குழிக்குள் கால் வைத்தால் மிதிக்காரிக்கு ஆறு எருமை எடை வந்துவிடும். மேலே ஏறி வந்தால் பழையபடி ஒடிசலான பெண்பிள்ளைதான். கல்யாணமாகி வந்த மறு வருடம் இது தெரிந்தது. நறுக்கிக் கொட்டிய பச்சை மக்காச்சோளமும் தட்டைப்பயறுக் கொடியும் அவள் நடக்க நடக்கப் பெருமூச்சு விட்டுத் தணிந்தன. உள்ளேயிருந்த காற்றெல்லாம் சீறிக்கொண்டு வெளியேறி, கொடியில் காய்ந்த துணிகளைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டது. கோடைக்காகத் தீவனத்தை மூடிப் புளிக்கவைக்கிற குழியில் காற்று தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்ததை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. ஆகவே வீட்டில் யாரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. டிராக்டர் வாடகை மிச்சம் என்று மாமியார் சொன்னதோடு பேச்சு முடிந்தது. டிராக்டர்காரன்தான் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் பிள்ளை பெறப் போயிருந்த வருடம் குழியை டிராக்டர் மிதித்தது. திறந்தபோது தீவனம் கறுத்து நாறியது. கோடையில் பாதித் தொழுவம் மாட்டுத் தரகரோடு போனது. அடுத்த வருடம் மழையும் ஏய்த்தது. மிச்சமிருந்த மாடுகளுக்கு வரப்போகும் கோடை முழுக்க ஒரே குழிதான் கதி. நிரப்புகிற அன்றைக்கே தரகர் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு குழிச் சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு பயறு என்பது வீட்டு வழக்கம். சோளத்தைக் கதிருக்கு நிறுத்திக்கொள்ளலாம், பயறு ஏறினால் பாலும் ஏறும் என்று இரட்டைக் கணக்குப் போட்ட அவள் புருஷன் அதைத் தலைகீழாக்கினான். கொடியை வாடவும் விடவில்லை; வெட்டிய கையோடு நறுக்கிக் கொட்டிவிட்டான். மூச்சு விடவில்லை யாரிடமும். அவள் இறங்கிக் கால் வைத்தாள். அமுங்க வேண்டியவள் எழும்பினாள். கொட்டகைக் கூரை உயரத்துக்குப் போய் அப்படியே நின்றாள்.

"மேல என்னடி வேடிக்கை? வேலை கிடக்கு, இறங்கு" என்றாள் மாமியார்.

"நான் எங்க அத்தை ஏறினேன்? தீவனம்தான் தள்ளுது. என்னத்தைப் போட்டாருன்னு உங்க பிள்ளையக் கேளுங்க."

"எப்பவும் போடுறதுதான்" என்றான் அவன். அவள் இன்னும் ஒரு முழம் மேலே போனாள்.

"காத்தடிக்குது, பாத்தும்மா" என்று தரகர் சிரித்தார்.

"நீங்க மாட்டை எண்ணிக்கிட்டிருங்கண்ணே, பொழுது போகணுமில்ல!"

மேலேயிருந்து தொழுவம் முழுசாகத் தெரிந்தது. மாடில்லாத முளைக்குச்சிகள் ஒரு வரிசைக்கு நின்றன. ஒரு பிடி தீவனத்தைக் கேட்டு வாங்கிப் பிழிந்தாள். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தரகர் தலையில் சொட்டியது.

"பச்சைத் தண்ணியா ஊத்துது. பாதிக்கு மேல பயறு. சோளத்து இனிப்பு இல்லாம எதை வச்சுப் புளிக்கும்? அழுகத்தான் செய்யும்."

"பால் கூடுமேன்னு பாத்தேன்" என்றான் புருஷன்.

"மாடு இருந்தாத்தானேங்க பால்?"

மாமியார் கயிற்றை வீசி அவளையே இடுப்பில் கட்டிக்கொள்ள வைத்து, மறுமுனையைத் தூணில் முடிந்தாள். குழியை அள்ளிக் களத்தில் பரப்பி வெயிலில் வாட்டினார்கள். கதிருக்கென்று விட்டிருந்த சோளத்தைப் புருஷன் கடைசிப் பாத்திவரை அறுத்தான். ஒவ்வொரு கட்டும் அவன் மார்பிலிருந்து பிடுங்கியது மாதிரி வந்தது. குழந்தையைக் கூடையில் வைத்து மேலே அனுப்பினார்கள். அவள் பால் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். சோளமும் வாடிய கொடியும் கலந்து விழ விழ, சாண் சாணாக இறங்கினாள். குதிகால் பதிந்தபோது எழுந்த அதிர்வில் தரகர் சுவரிலிருந்து பின்பக்கமாக விழுந்தார். அவள் மூலை மூலையாக மிதித்தாள். தார்ப்பாய் போட்டு மண்ணால் மூடினார்கள்.

கோடையில் திறந்தபோது மஞ்சள் கலந்த பச்சையில், பழுத்த பழம் புளித்த வாசனையோடு கிடந்தது. மாடுகள் கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு வந்தன. கயிற்றோடு மறுபடி வந்திருந்த தரகர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றார். கயிற்றைச் சுருட்டினார். "வேணும்னா ஒரு கூடை கொண்டு போங்கண்ணே" என்றாள் அவள், தலையை நிமிர்த்தி.

இப்போது சுற்றுவட்டாரத்தில் யார் குழி நிரப்பினாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறாள். அவள் எழும்பினால் யாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதில்லை; அரிவாளை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுக்கு ஓடுகிறார்கள்.